பரிவும் ஒரு டியூட்டிதான்

பாங்க்கில் லோன் ஃபைல் புரட்டுகிறவனுக்கு ஆஸ்பத்திரி விஷயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பி.காம். படித்தவன் நான். ஊசியைக் கண்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். ஆனால் ஊரை விட்டு ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மும்பையில், வயதான அம்மாவை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறவனுக்கு ஆஸ்பத்திரி அப்படியொன்றும் அந்நியமான இடம் இல்லை. டெல்லியிலோ புனேயிலோ அகமதாபாத்திலோ உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

நம்மவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில், அது கல்யாண வீடோ, மாட்டுங்கா கோயில் வாசலோ, ஆஸ்பத்திரிப் பேச்சு வந்துவிட்டால் சில வசனங்கள் தவறாமல் வரும். "இப்ப வர்ற நர்ஸுங்களுக்கு மனசே இல்லீங்க" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அதெல்லாம் பிறவியிலேயே வரணும் சார், சொல்லிக்கொடுத்தா வராது" என்று அடுத்தவர் தலையாட்டுவார். "அந்தக் காலத்து மலையாளி நர்ஸுங்க மாதிரி வருமா?" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். காபி வந்துவிடும். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

இந்த மூன்று வசனங்களோடும் எனக்குச் சண்டை உண்டு. பரிவு என்பது பிறவிக் குணம் என்றும், சில மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும் ஆண்டவன் கூடுதலாகக் கொடுத்தது என்றும் சொல்லிவிட்டால் நம் வேலை சுலபமாகிவிடுகிறது. யாரும் எதையும் சொல்லித்தர வேண்டாம், யாரும் எதற்கும் செலவு செய்ய வேண்டாம். நல்ல நர்ஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் தலையெழுத்து. நான் சொல்ல வருவது நேர் எதிரானது. பரிவைச் சொல்லித்தர முடியும். சொல்லித்தந்துதான் ஆகவேண்டும். அதிலும் சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு, சொல்லித்தந்த பரிவுதான் கைகொடுக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இதே மும்பையில் பரேலில் இருக்கிறது கே.இ.எம். ஆஸ்பத்திரி. மாநகராட்சி நடத்துவது. எப்போது போனாலும் திருவிழாக் கூட்டம். அங்கே ஜூனியர் நர்ஸாக இருந்தவர் அருணா ஷான்பாக். கர்நாடகத்தின் ஹல்திபூரிலிருந்து பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தவர், நம்மைப் போலவே. 1973 நவம்பர் 27-ஆம் தேதி, டியூட்டி முடிந்து உடை மாற்றப் போன இடத்தில், அதே ஆஸ்பத்திரியின் ஊழியன் ஒருவன் அவரை நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கினான். மூளைக்கு ரத்தம் போவது தடைப்பட்டு, அருணா பிறகு எழவே இல்லை. அப்போது அவருக்கு வயது 25. 2015 மே 18-ஆம் தேதி நிமோனியாவில் இறக்கும் வரை, ஏறத்தாழ 42 வருஷம், நான்காம் வார்டை ஒட்டிய ஓர் அறையில் படுக்கையிலேயே இருந்தார்.

2011 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு பலருக்கும் கருணைக்கொலை பற்றிய தீர்ப்பாகத்தான் ஞாபகம் இருக்கும். எனக்கு அதில் மறக்காத வரி வேறு. அத்தனை வருஷத்தில் அருணாவின் உடம்பில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்று அதில் பதிவாகியிருக்கிறது.

படுக்கைப்புண் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று. அசைய முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தோலை ஈரமில்லாமல் வைக்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் இருக்கக்கூடாது. சாப்பாட்டில் சத்து இருக்க வேண்டும். இரண்டு நாள் அசட்டையாக இருந்தால் போதும், இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து உரிய ஆரம்பித்துவிடும். நாற்பது வருஷம் புண் வராமல் பார்த்துக்கொள்வது பத்து நல்ல மனசுக்காரர்களால் ஆகிற காரியம் இல்லை. ஷிஃப்ட் மாறினாலும், ஆள் மாறினாலும், அடுத்தவர் வந்து அதே வேலையை அதே நேரத்தில் செய்திருக்க வேண்டும்.

அருணாவை நேரில் தெரிந்த தோழிகள் பார்த்துக்கொண்டார்கள் என்றால் அது நட்பு. ஆனால் அவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக ரிடையர் ஆகிப் போய்விட்டார்களே! 2015-இல் அவருக்கு உணவு ஊட்டிய நர்ஸ்களில் பலர் 1973-இல் பிறந்திருக்கவே மாட்டார்கள். பிறகு எப்படித் தொடர்ந்தது? ஆஸ்பத்திரியின் டீன் கோர்ட்டில் சொன்னது இது: நர்சிங் படிக்க வரும் ஒவ்வொரு பேட்ச்சையும் அருணாவுக்கு அறிமுகப்படுத்தி, இவர் நம்மில் ஒருவர் என்று சொல்லிவைப்பார்களாம். மாநகராட்சி அவரை அங்கிருந்து வெளியேற்றப் பார்த்தபோது நர்ஸ்கள் எதிர்த்து நின்று தடுத்திருக்கிறார்கள். ஆக, மூத்தவர் இளையவருக்குக் கட்டிலருகே நின்று சொல்லித்தந்தது அது. பிறவிக் குணம் இல்லை. நாலு தலைமுறை நர்ஸ்களுக்குக் கைமாற்றிய பாடம்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அருணா "நம்மில் ஒருவர்". நர்ஸுக்கு நர்ஸ். தன்னுடையவர் என்று தெரிந்தால் பரிவு தானாகவே வரும், அதற்கு நீங்களும் நானும்கூட விதிவிலக்கு இல்லை. நம் ஊர்க்காரர் ஒருவர் கவுண்டருக்கு வந்து தமிழில் பேசிவிட்டால், எனக்கே குரல் கொஞ்சம் இளகிவிடுகிறது. பாஷை தெரியாத, பெயர் வாயில் நுழையாத, முன்பின் தெரியாத ஒருவர் படுத்திருக்கும்போது அதே பரிவு எங்கிருந்து வரும்? அங்கே இயல்பை நம்பியிருக்க முடியாது. பழக்கம்தான் வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த ஊர் வார்டுகளில் அந்த முன்பின் தெரியாத ஆள்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அம்மா பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், பதினோரு நாள் படுக்கை. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். அம்மாவுக்கு அம்பாசமுத்திரத்துத் தமிழைத் தவிர வேறு பாஷை கிடையாது. ஆபரேஷன் பிரமாதமாக நடந்தது, டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் பெட்பேனில் வந்தது. ராத்திரியில் பெல் அடித்தால் ஆள் வர நேரமாகும். வந்தால் முகம் கடுகடுவென்று இருக்கும். இரண்டாவது ராத்திரி, எத்தனை தரம்தான் வருவது என்று இந்தியில் சொல்லிவிட்டு, டயாப்பர் மாட்டிவிட்டுப் போனார்கள். எழுபத்தாறு வயதுப் பெண்மணி, வீட்டில் மருமகளிடம்கூட ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தயங்குகிறவர். அவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. கண்டுபிடித்தது பயிற்சிக்கு வந்திருந்த நர்சிங் மாணவி ஒருத்தியும், அவளுடைய டியூட்டரும். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று கட்டிலில் தொங்கும் ஒரு சார்ட் உண்டல்லவா, அதைக் காட்டி டியூட்டர் அந்தப் பெண்ணிடம், நேற்று முழுக்க இவர் இவ்வளவுதான் குடித்திருக்கிறார், ஏன் என்று கேட்டார். மாணவி ஃபைலைப் புரட்டினாள். டியூட்டர் ஃபைலை மூடிவிட்டு, "அவங்களைக் கேளு" என்று அம்மாவைக் காட்டினார். அவர் மலையாளி, தமிழ் ஓரளவு புரியும். அம்மா முதலில் "தாகமே இல்ல தாயி" என்றார். பிறகுதான் மெல்லச் சொன்னார், "எதுக்கும்மா அந்தப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணணும்?"

அன்றைக்கு அந்த டியூட்டர் இரக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பெல்லுக்குக் காத்திராமல், பெட்பேன் வேண்டுமா என்று போய்க் கேட்பது இனி உன் வேலை என்று மாணவியிடம் சொன்னார். அதைச் சார்ட்டிலும் எழுதவைத்தார். நான் ஒரு காகிதத்தில் வலி, தண்ணி, குளிருது, திருப்பிவிடுங்க என்று பன்னிரண்டு தமிழ்ச் சொற்களை தேவநாகரியில் எழுதி, பக்கத்தில் இந்தி அர்த்தமும் போட்டு, கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். மறுநாள் அந்த மராத்திப் பெண் "ஆஜி, வலிக்குதா?" என்று கேட்டபோது அம்மா சிரித்த சிரிப்பை ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையாகப் பார்த்தேன்.

இதில் "மனசு" எங்கே இருக்கிறது, "டியூட்டி" எங்கே இருக்கிறது என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம். என்னால் முடியவில்லை. கடுகடுவென்று வந்த ராத்திரி நர்ஸ் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். பெட்பேன் கேட்பவரின் வெட்கத்தைப் பற்றி அவருக்கு யாரும் கட்டிலருகே நின்று சொல்லித்தந்ததில்லை என்பதுதான் என் ஊகம்.

கேட் கிரேஞ்சர் என்று இங்கிலாந்தில் ஒரு டாக்டர் இருந்தார். முதியோர் மருத்துவத்தில் இருந்தவர், தானே புற்றுநோய் நோயாளியானவர். 2013-இல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவர் கவனித்தது, வந்து போகிறவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்பதை. "வணக்கம், என் பெயர் இன்னது" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள் என்று ஓர் இயக்கமே தொடங்கினார். 2016-இல் அவர் இறந்தபோது அந்தப் பழக்கம் பல நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பரவியிருந்தது. எவ்வளவு சின்ன விஷயம்! ஐந்து வினாடி ஆகுமா? ஆனால் சொல்லித்தரலாம், செய்தார்களா என்று பார்க்கலாம், மார்க்கும் போடலாம்.

பரிவை இப்படி உடைத்தால் இன்னும் பல கிடைக்கும். தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வது. உடம்பு துடைக்கும்போது திரையை முழுக்க இழுத்து மூடுவது. வலி இருக்கிறதா, பாத்ரூம் போகவேண்டுமா, படுத்திருப்பது சௌகரியமா, தண்ணீரும் பெல்லும் கைக்கு எட்டுகிறதா என்று குறிப்பிட்ட இடைவெளியில் போய்க் கேட்பது. தெரியாத கேள்வி வந்தால் எரிந்து விழாமல், "கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி, மறக்காமல் வந்து சொல்வது. இதில் எதற்குமே பிறவி ஞானம் தேவையில்லை.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் நமக்கு விளக்கேந்திய பெண்மணி ஞாபகம் வருகிறது. அவர் பெரிய புள்ளிவிவரக்காரரும்கூட என்பது காமர்ஸ் படித்த எனக்குக் கொஞ்சம் பெருமை. போரில் காயத்தால் செத்த சிப்பாய்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள்தான் அதிகம் என்று 1858-இல் வரைபடம் போட்டுக் காட்டியவர் அவர். விளக்கு ஒரு கையில், கணக்கு மறு கையில். நாம் விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மே 12-ஆம் தேதியும் நர்ஸ்களைத் தேவதை என்று பாராட்டிக் கேக் வெட்டுகிறோம். தேவதை என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. தேவதைக்குச் சம்பளம் தரவேண்டாம், லீவு தரவேண்டாம், பாடமும் சொல்லித்தர வேண்டாம்.

பாடத்திட்டத்தில் இது இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 2021-இல் அரசிதழில் வந்த புதிய பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்தில் நோயாளியோடு பேசுவது பற்றிய பாடம் இருக்கிறது, நோய்த்தணிப்பு சிகிச்சை பற்றித் தனிப் பகுதியும் இருக்கிறது. 2023-இல் நர்சிங்குக்கென்று தேசிய ஆணையச் சட்டமும் நிறைவேறியது. காகிதத்தில் எல்லாம் சரி. வகுப்பில் டிக்டேஷன் எடுத்து, பரீட்சையில் எழுதி, வார்டுக்கு வந்ததும் சீனியர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் நடக்கிறது. சீனியர் கத்தினால் ஜூனியரும் கத்துவார். அதனால் என் முதல் யோசனை, பரிவுப் பாடத்தை வகுப்பறையிலிருந்து கட்டிலருகே கொண்டுவர வேண்டும் என்பதுதான். ஒவ்வொரு மாணவியும், இப்போது மாணவர்களும் நிறைய வருகிறார்கள், இரண்டு வாரமாவது நோய்த்தணிப்பு மையம் ஒன்றில் வேலை பார்க்க வேண்டும். பாந்த்ராவில் 1986-இல் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன் இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-இலிருந்து நடக்கும் இயக்கம் இருக்கிறது. குணமாக்க முடியாதவர்களுக்கு என்ன செய்யலாம் என்று தெரிந்துகொண்டால், குணமாகப் போகிறவர்களிடம் தன்னால் பேச வரும்.

இனி என் சொந்த ஏரியாவுக்கு வருகிறேன்.

பாங்க் ஊழியர்களுக்குக் கனிவு வேண்டும் என்று இந்த நாட்டில் எத்தனை கமிட்டி போட்டார்கள் தெரியுமா? 1975-இல் தல்வார் கமிட்டி. 1990-இல் கோய்போரியா கமிட்டி. 2010-இல் தாமோதரன் கமிட்டி. எங்களை ட்ரெயினிங் காலேஜுக்கு அனுப்பி, ஒருவரைக் கோபக்கார கஸ்டமராகவும் இன்னொருவரைக் கவுண்டர் கிளார்க்காகவும் நடிக்கவைத்து, புன்னகை செய்யச் சொல்லித்தந்தார்கள். நாங்களும் இரண்டு நாள் நன்றாக நடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டைப் பாராட்டி ஃபீட்பேக் எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். திங்கட்கிழமை காலையில் கவுண்டருக்கு முன்னால் அறுபது பேர் நிற்பார்கள். புன்னகை பதினோரு மணிக்குள் காலாவதியாகிவிடும்.

கவுண்டரில் கொஞ்சம் மரியாதை வந்தது எப்போது? ஏ.டி.எம். வந்து, கம்ப்யூட்டர் வந்து, வரிசை குறைந்து, எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்க்க எங்களுக்கு நேரம் கிடைத்தபோது. ட்ரெயினிங் வீண் என்று சொல்லவில்லை. சொல்லித்தந்ததைச் செய்ய நேரம் கொடுக்காத ட்ரெயினிங்தான் வீண்.

நர்ஸ் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மூன்று பேருக்கு ஒருவர், ஐ.சி.யு.வில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் 480 நிமிஷம். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 96 நிமிஷம். அதே நர்ஸிடம் இருபது பேரைக் கொடுத்தால் ஆளுக்கு 24 நிமிஷம். அந்த இருபதில் ஆறு பேர் அசைய முடியாதவர்கள் என்று வையுங்கள். ஷிஃப்ட்டுக்கு நாலு தடவை, தடவைக்கு ஐந்து நிமிஷம் திருப்பிப் படுக்கவைத்தாலே 120 நிமிஷம் போயிற்று. கால்வாசி ஷிஃப்ட்! அதற்கும் பெரும்பாலும் இரண்டு ஆள் வேண்டும். மிச்ச நேரத்தில்தான் ஊசி, மாத்திரை, டிரிப், ரவுண்ட்ஸ், ரிஜிஸ்டர், பில்லிங்கிலிருந்து வரும் போன் எல்லாம். இவரிடம் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேசு என்றால், எந்த நிமிஷத்தை எடுத்துப் பேசுவார்?

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியில் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் நடந்தது இதற்கு எச்சரிக்கை. நிதி இலக்குகளையும் அந்தஸ்தையும் துரத்திய நிர்வாகம் செலவைக் குறைத்தது. ஆள் பற்றாக்குறையில் நோயாளிகள் அழுக்கு விரிப்பிலும் தாகத்திலும் கிடந்தார்கள். 2013 பிப்ரவரியில் வந்த ஃப்ரான்சிஸ் அறிக்கை இதையெல்லாம் வெளிச்சம் போட்டுக் காட்டியது. அங்கே வேலை பார்த்த அத்தனை பேரும் பிறவியிலேயே கல்நெஞ்சக்காரர்களா? இலக்கு என்கிற ஒரு வார்த்தை மனிதர்களை என்ன செய்யும் என்று பாங்க்கில் இன்ஷூரன்ஸ் விற்கச் சொல்லப்பட்ட எந்த ஆபீசரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆள் போட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. கூட்டமே இல்லாத கவுண்டரிலும் எரிந்து விழுகிறவர்கள் உண்டு. கே.இ.எம். போன்ற நெரிசலான ஆஸ்பத்திரியில் அருணாவை அப்படிப் பார்த்துக்கொண்டதும் நிஜம். பாடமும் வேண்டும், பாடத்தைச் செயலாக்க நேரமும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தட்டிக்கழிக்கக்கூடாது என்பதுதான் என் வாதம்.

மூன்றாவதாக, சம்பளம். நர்சிங் படிப்புக்கு லோன் கேட்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நான்கு லட்சம் கடன், பத்து சதவீத வட்டி, பத்து வருஷத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 5,290 ரூபாய். சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த பிள்ளையின் சம்பளத்தில் ஹாஸ்டல் வாடகையும் இதுவும் போனால் மிச்சம் என்ன என்று கணக்குப் போட பி.காம். வேண்டாம். சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி 2016-இல் அமைத்த கமிட்டி, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாகத் தரவேண்டும் என்றும் பரிந்துரை செய்தது. அதற்கு முன்பே, 2011-இல், பாண்ட் எழுதி வாங்கி ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கத்தை எதிர்த்து மும்பையிலும் டெல்லியிலும் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தன் சான்றிதழையே பிணையாகக் கொடுத்துவிட்டு நிற்கிறவரிடம் நாம் தாராள மனசை எதிர்பார்க்கிறோம்.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். அந்த நர்ஸும் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்தான். கோட்டயத்திலிருந்தோ, இம்பாலிலிருந்தோ, ராஞ்சியிலிருந்தோ, நம் நாகர்கோவிலிலிருந்தோ. 2011 டிசம்பர் 9-ஆம் தேதி கொல்கத்தாவின் ஆம்ரி ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தபோது, ரம்யா ராஜன், வினீதா என்ற இரண்டு கேரளத்து நர்ஸ்கள் எட்டு நோயாளிகளை வெளியேற்றிவிட்டு, ஒன்பதாவது ஆளுக்காக உள்ளே போய்ப் புகையில் இறந்தார்கள். அதே கொல்கத்தாவிலிருந்து 2020 மே மாதம் முந்நூறுக்கும் மேற்பட்ட நர்ஸ்கள் வேலையை விட்டு மணிப்பூர் முதலிய சொந்த மாநிலங்களுக்குத் திரும்பினார்கள். அக்கம்பக்கத்தார் கொரோனா பயத்தில் நடத்திய விதமும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பரிவு வார்டுக்குள் மட்டும் கற்றுத்தருகிற விஷயம் இல்லை போலிருக்கிறது.

அதனால் நமக்கும் கொஞ்சம் வீட்டுப்பாடம் உண்டு. பெரியவர்களை அட்மிட் செய்யும்போது ஏ.சி. இருக்கிறதா, டி.வி. இருக்கிறதா, கேன்டீனில் இட்லி கிடைக்குமா என்று விசாரிக்கிறோம். ராத்திரி ஷிஃப்ட்டில் ஒரு சிஸ்டருக்கு எத்தனை பேஷண்ட் என்று யாராவது கேட்கிறோமா? கேளுங்கள். நாலு குடும்பம் கேட்டால் நிர்வாகத்தின் காதில் விழும். தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர் என்றால் பன்னிரண்டு சொற்களை அந்த ஊர் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள், எதற்கு வெட்கப்படுவார் என்பதையும் நர்ஸிடம் சொல்லிவையுங்கள். டாக்டரை "சார், சார்" என்று சுற்றிவிட்டு, நர்ஸை விரல் சொடுக்கிக் கூப்பிடாதீர்கள். மௌசிக்கும் வார்டு பாய்க்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகும்போது நல்லபடி பார்த்துக்கொண்டவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஃபீட்பேக் படிவத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள். "நர்சிங் குட்" என்று டிக் அடிப்பதால் யாருக்கும் இன்க்ரிமென்ட் வராது.

வங்கிக் கணக்கில் அறிமுகமில்லாத ஆளுக்கும் அதே வட்டிதான், அதே விதிதான். மேனேஜரின் மனசு எப்படி இருந்தாலும் ஃபிக்சட் டெபாசிட் முதிர்ந்த தேதியில் பணம் கைக்கு வரவேண்டும். முன்பின் தெரியாத ஊரில் படுத்திருக்கும் நம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வாய் தண்ணீர் கிடைப்பதும் அப்படி இருக்க வேண்டும். யாருடைய நல்ல மனசையும் நம்பாமல், டியூட்டி சார்ட்டை நம்பி.